மேற்கில் பூஜ்யம்

மேற்குக் கவிகை என்னும் குவிகூரை நகரில் ஒருவருக்கு ஈரல் மாற்றினால், கழற்றிய பழைய ஈரலுக்குச் சந்தனப் பொட்டிட்டு, கண்ணாடிச் சாடியில் போட்டு விருந்துக் கூடத்தின் வாசலில் வைப்பது வழக்கம். வருகிறவர்கள் சாடிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போவார்கள். செவ்வாயில் குடியேறி நூற்றுப்பத்து ஆண்டுகளில் காதுகுத்தையும் மணிவிழாவையும் மறந்துபோனவர்கள் ஈரல் மாற்று விழாவை மட்டும் விடவில்லை. ஒருவருடைய செல்லை எடுத்து வளர்ப்பகத்தில் கொடுத்தால் எட்டு மாதத்தில் புது ஈரல் தயார். எட்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

அன்று நலவாழ்வுத் தலைவர் ஆளவந்தாருக்கு மூன்றாவது ஈரல். புற்றுநோய்ப் பதிவகத்தின் அதிகாரியான அங்கயற்கண்ணி போகாமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் 'துள்ளல்' வைத்திருந்தார்கள். விரல் நீள மீன்கள், உயிரோடு. மேலே எலுமிச்சைச் சாறும் மிளகாய்த்தூளும். எரிச்சல் தாங்காமல் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. எதிரே ஆளவந்தார் மென்றுகொண்டிருந்தார். அவருடைய கீழுதட்டில் ஒரு வால் துடித்து அடங்கியது.

"என்னம்மா, வச்சது வச்சபடி இருக்கு?"

"எனக்கு ஒத்துக்காது சார்."

"புழு இருக்குமேன்னு பயமா? அதுக்குத்தான் மாத்திரை இருக்கே. மாசம் ஒண்ணு போட்டுக்கோ, தினம் சாப்பிடு." அவர் விரலைச் சப்பினார். "சரி, அடுத்த வாரம் சபை கூடுது. கிழக்குல பித்தநாளப் புற்று எவ்வளவு?"

"லட்சத்துக்கு நூத்திருபது."

"நம்ம மேற்குல?"

"பூஜ்யம், சார்."

"பாத்தியா! அவங்க திங்கிற லட்சணம் அப்படி. அதையே காரணமா எழுதிடு."

அங்கயற்கண்ணி கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். ஆனால் வாய் கொப்பளிக்கும்போதே ஒரு கேள்வி வந்துவிட்டது. கிழக்குக் கவிகையின் குளங்களில் பிடித்த மீனைத்தான் இரண்டு கவிகைகளிலும் தின்கிறார்கள். ஒரே மீன் ஒரு பக்கம் கொன்று மறுபக்கம் விட்டுவைக்குமா?

மறுநாள் சுரங்கப் பாதை வழியே கிழக்குக்குப் போனாள். உடன் எண்ணி வந்தது. எண்ணி என்பது இடுப்புயரக் கணக்கு இயந்திரம். எதையும் எண்ணும், எண்ணியதைச் சொல்லும். யாருக்காகவும் கூட்டிக் குறைக்கத் தெரியாது.

கிழக்கில் ஒன்பதாயிரம் பேர். வேலை எல்லாம் குளங்களில். இரண்டு கவிகைகளின் கழிவறை நீரும் அந்தக் குளங்களுக்குத்தான் வந்தது. செவ்வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்க முடியாது. பாசி படர்ந்த கரையில் நத்தைகள் அப்பிக் கிடந்தன. மூக்கைப் பொத்தியபடி நடந்தவளைப் பார்த்து, கரையில் உட்கார்ந்திருந்த ஒருவன் சிரித்தான். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். கைகால் எல்லாம் சொறிந்து சொறிந்து ரத்தக் கோடுகள்.

"ரெண்டு நாள்ல பழகிரும் தாயி. மூக்கு செத்துரும்."

அவன் பெயர் இசக்கிமுத்து. வயது நாற்பத்தொன்று. அவனுக்குப் பித்தநாளப் புற்று என்று பதிவகத்தில் இருந்தது. அவன் மனைவி பேச்சித்தாய் வலையை உலுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"நீங்களும் மீனைப் பச்சையா சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

"ஆசையாவா திங்கோம்?" என்றாள் பேச்சித்தாய். "அடுப்புக்கு ஒரு நாளைக்குப் பதினோரு நிமிசம் கரண்டு விடுதாவ. கஞ்சி கொதிக்கதுக்கே பத்தல. மீன உப்புல பெரட்டி அப்படியே முழுங்க வேண்டியதுதான். பெரிய மீனு மேற்க போயிருது. எங்களுக்குப் பொடி."

"மீனுக்கு என்ன தீவனம் போடுறீங்க?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒங்களுக்குத் தெரியாதா?" என்றான் இசக்கிமுத்து. "வாங்க, காட்டுதேன்."

கரையோரத்தில் ஒரு குளிர்க் கிடங்கு. கதவைத் திறந்ததும் தட்டுத் தட்டாக ஈரல்கள். மேற்கில் கழற்றிய ஈரல்கள், மூன்று மாதத்து வரவு. செவ்வாய்க்கிழமை தோறும் பழையதாகப் பார்த்து எடுத்து, அரைத்துக் குளத்தில் கொட்டுவது இசக்கிமுத்துவின் வேலை. இருபது வருடமாக அதைத்தான் செய்துவந்தான். ஒரு தட்டில், பொட்டுக்கூடக் கலையாமல், ஆளவந்தாரின் ஈரலும் இருந்தது.

"அறுத்துக் காட்டட்டுமா?" அவள் பதில் சொல்வதற்குள் கத்தியை இறக்கிவிட்டான். பித்தக் குழாய்களிலிருந்து பச்சை கலந்த சாறு வழிந்தது. அதில் தட்டையாக, வேப்பங்கொழுந்து நீளத்தில், ஏதோ நெளிந்தது. ஒன்றல்ல. கொத்தாக. குளிரில் மெதுவாக ஒன்றன்மேல் ஒன்று ஊர்ந்தன. அங்கயற்கண்ணிக்கு நாக்கின் அடியில் கசந்தது. ஓடிவிடத் தோன்றியது. ஓடாமல் குனிந்து பார்த்தாள். புழுக்களுக்குப் பக்கத்தில், கொண்டைக்கடலை அளவில், வெள்ளையாக ஒரு கட்டி.

"எண்ணி, எல்லாத்தையும் பார்."

எண்ணி தட்டுகளுக்கு மேலே கதிரை ஓட்டியது. நான்கு நிமிடம் ஆயிற்று.

"முந்நூற்றுப் பன்னிரண்டு ஈரல்கள். அனைத்திலும் புழு. எழுபத்தொன்றில் புற்று. மேற்குக் கவிகையின் மக்கள்தொகை பதினோராயிரம். ஆண்டுக்கணக்கில், லட்சத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். கிழக்கைப்போல் இருபது மடங்குக்கும் அதிகம்."

மேற்கின் மாத்திரைக்குப் புழு சாகவில்லை. மேற்கில் புற்றும் இல்லாமல் இல்லை. அது வளர்ந்து தெரிவதற்குள் ஈரலையே கழற்றிவிடுகிறார்கள். கழற்றிய ஈரலின் புழு முட்டையை நத்தை தின்கிறது, நத்தையிலிருந்து மீனுக்குப் போகிறது, மீனிலிருந்து இரண்டு கவிகைகளின் வயிற்றுக்கும் திரும்புகிறது. மாற்று ஈரல் இல்லாதவர்கள் மட்டும் சாகிறார்கள்.

வெளியே வந்ததும் இசக்கிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டான். "தாயி, எனக்கு அப்படி ஒரு ஈரலு வளத்துத் தருவாவளா?"

"கேட்டுப் பார்க்கிறேன்," என்றாள்.

கேட்டாள். வளர்ப்பகம் மேற்கில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்றார்கள். சபை கூடிய பிறகு மறுபடி கேளுங்கள் என்றார்கள். சபை கூடுவதற்கு முந்தைய நாள் இசக்கிமுத்து செத்துப்போனான். கிழக்கின் கணக்கில் ஒன்று கூடியது.

சபையில் அங்கயற்கண்ணி எதையும் மறைக்கவில்லை. கிடங்கில் எண்ணி எடுத்த படங்களைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினாள். நெளிந்ததைக் காட்டினாள். உறுப்பினர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் கைக்குட்டையில் கக்கினார். ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள்.

ஆளவந்தார் எழுந்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"அந்தக் கை யாருது?" என்று கேட்டார்.

அவளுக்குப் புரியவில்லை.

"ஈரலை அறுக்குதே, அந்தக் கை. நகத்துல அழுக்கு. அந்தக் கையாலதானே நம்ம மீனையும் பிடிக்கிறாங்க? இத்தனை நாளா இதையா சாப்பிட்டோம்?"

சபை முழுக்க அருவருப்பில் முனகியது.

"சார், பிரச்சினை கை இல்ல. நம்ம ஈரலை நாமே குளத்துல போடுறோம்…"

"நம்ம ஈரல்தானேம்மா. நம்ம வீட்டுது. அதுல என்ன அசிங்கம்?"

அன்றே தீர்மானம் நிறைவேறியது. கிழக்கு மக்கள் இனி மீனையோ ஈரலையோ தொடக்கூடாது. குளங்களை மேற்குக் கவிகைக்குள் மாற்றி இயந்திரக் கைகளிடம் விடவேண்டும். கிழக்கிலிருந்து யார் வந்தாலும், கிழக்குக்குப் போய் எவர் திரும்பினாலும், சுரங்கத்தின் கிழக்கு வாயிலில் இருக்கும் தூய்மை அறையில் எட்டு மணி நேரம் அடைபட்டிருந்துதான் மேற்கில் கால் வைக்கலாம். அந்த விதியை எழுதியவர் ஆளவந்தார். குளத்துத் தண்ணீரும் நத்தைகளும் ஈரல்களும் குழாய் வழியே மேற்குக்குப் போயின. அவற்றுக்குத் தூய்மை அறை கிடையாது.

கிழக்கில் முதல் இரண்டு ஆண்டுகள் பட்டினி. பிறகு தொட்டிகளில் பாசி வளர்த்து, உலர்த்தி மாவாக்கக் கற்றுக்கொண்டார்கள். குளத்து இறைப்பான்கள் நின்றுபோனதால் மிஞ்சிய மின்சாரம் அடுப்புக்கு வந்தது. பாசிமாவைக் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியாக்கிக் குடித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் எண்ணி கணக்குச் சொன்னது. லட்சத்துக்கு நூறு, அறுபது, இருபத்திரண்டு. ஒன்பதாம் ஆண்டில் பூஜ்யம். அதற்குப் பிறகும் பூஜ்யம்.

பன்னிரண்டாம் ஆண்டில் ஆளவந்தார் பதிவகத்துக்குத் தாமே வந்தார். கண் மஞ்சள். கோட்டுக்குள் கை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார். புழு பெருகப் பெருக மேற்கில் எட்டு ஆண்டு நான்காகி, நான்கு இரண்டாகியிருந்தது. அவருடைய செல்கள் அலுத்துப்போய் வளர மறுத்துவிட்டன. அவருக்கு ஏழாவது ஈரல் இல்லை.

"உயிரோட இருக்கிறவங்க ஈரல்ல பாதியை வெட்டி வச்சா வளருமாம். புழு இல்லாத ஈரல் வேணும்." அவர் தரையைப் பார்த்தார். "கிழக்குலதான் இருக்காமே."

எண்ணி தேடியது. பொருந்தும் ஈரல் ஒன்றே ஒன்று இருந்தது. பெயரை மறுபடி சொல்லச் சொன்னாள் அங்கயற்கண்ணி. பேச்சித்தாய்.

அங்கயற்கண்ணியே அவரை அழைத்துக்கொண்டு போனாள். பேச்சித்தாய்க்குத் தலை நரைத்திருந்தது. யார், எதற்கு என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எம் புருசனுக்கு ஒண்ணு கேட்டம். தரல."

ஆளவந்தார் கோட்டுக்குள் கை விட்டுச் சொறிந்துகொண்டார்.

"சரி, தாறேன். ஆனா எங்க வீட்டுல உக்காந்து ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போவட்டும். எங் கையால."

அவ்வளவுதானா என்று ஆளவந்தாருக்கு நிம்மதி. உட்கார்ந்தார். பேச்சித்தாய் தம்ளரைக் கழுவி, கொதிக்கும் கஞ்சியை ஊற்றி நீட்டினாள். பல ஆண்டுகளில் அவருக்கு எதிரே வைக்கப்பட்ட சுத்தமான சாப்பாடு அது ஒன்றுதான். தம்ளரை வாயருகே கொண்டுபோனார். அதை நீட்டிய பேச்சித்தாயின் விரல்களைப் பார்த்தார். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். உதடு தொடுவதற்குள் உவ்வே என்று குமட்டிக் கீழே வைத்துவிட்டார்.

"இதையே மெஷின்ல போட்டு, மூடின டப்பாவுல கொடுத்தா குடிச்சிடுவேன்," என்றார் கெஞ்சுகிற குரலில்.

"ஈரலு எங்க இருக்கு? எவ் வயித்துக்குள்ளதான?" என்றாள் பேச்சித்தாய். "அத எந்த மிசினுல போட்டு எடுப்பிய?"

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே மறுபடி குமட்டியது. இம்முறை ரத்தம். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடியே சரிந்தார்.

பேச்சித்தாய் ஒரு நொடி நின்றாள். பிறகு ஓடிவந்து தலையைத் தாங்கினாள். "கஞ்சியும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். தூக்குங்க தாயி. எங்க போயி அறுக்கணுமோ போவம்."

அறுவை செய்யும் வசதி மேற்கில்தான் இருந்தது. மூவரும் சுரங்க வாயிலுக்கு வந்ததும் தூய்மை அறையின் கதவு பின்னால் மூடிக்கொண்டது. எட்டு மணி நேரம். அங்கயற்கண்ணி கதவைத் தட்டினாள், கத்தினாள், இவர் யார் தெரியுமா என்று கேட்டாள். விதி என்றது கதவு. யார் விதி என்று கேட்டதற்கு அவர் பெயரையே சொன்னது.

மூன்றாவது மணியில் அவர் வாயிலிருந்து மறுபடி ரத்தம் வந்தது. பேச்சித்தாய் முந்தானையால் துடைத்தாள். ஆளவந்தாருக்கு நினைவு இருந்தது. பேச்சு இல்லை. அந்தத் துணி உதட்டில் படும்போதெல்லாம், மிஞ்சிய பலத்தையெல்லாம் சேர்த்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். நான்காவது மணிக்கு முன்பே இறந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து எண்ணி ஆண்டறிக்கையை எடுத்து வைத்தது.

"இறந்த இடத்தைக் கொண்டே கவிகை கணக்கிடப்படும். தூய்மை அறை கிழக்கைச் சேர்ந்தது. பித்தநாளப் புற்று: மேற்கில் பூஜ்யம். கிழக்கில் ஒன்று. வட்டார வேறுபாடு மீண்டும் ஏற்பட்டுள்ளது."

"அவர் மேற்கத்திக்காரர்," என்றாள் அங்கயற்கண்ணி.

"எண்ணில் பிழை இல்லை," என்றது எண்ணி. "காரணம் என்ற இடத்தில் என்ன எழுதட்டும்?"

அவள் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. சபையின் கடிதம் அதற்குள் வந்திருந்தது. தலைவர் கடைசியாக உட்கார்ந்த இடம் கிழக்கில் ஒரு வீடு. எதிரே வைத்தது அவர்கள் சமைத்த கஞ்சி. வாந்தி அதற்குப் பிறகு. காரணம் கிழக்கின் கஞ்சி என்று சபையே நிரப்பி, கீழே அவள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அதே நேரம் பேச்சித்தாயின் வீட்டில் முகமூடி போட்ட நான்கு பேர் கஞ்சிப் பானையை இடுக்கியால் தூக்கி, காற்றுப் புகாத பையில் போட்டு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலை வைத்த கஞ்சி. பானை இன்னும் சூடாக இருந்தது.