டார்ச் எரிந்தால் நில்

பூதம் நன்றாக நடித்தது. சிவபிரகாஷுக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

மார்கழி மாதம். தீவின் மின்னி பே கரையில் ஐந்து மணி தாண்டியதுமே இருட்டு விழுந்திருந்தது. மெயின்லேண்டில் பிள்ளைகள் இன்னும் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் நேரம். பாறைகளுக்கு அப்பால் முழங்கால் தண்ணீரில் கறுப்பாக ஓர் உருவம் எழுந்து, தோளிலிருந்து நீர் வடிய, அவசரமில்லாமல் கரையை நோக்கி வந்தது. தண்ணீரில் நடந்தால் வருமே, அந்தச் சளப் சளப் சத்தம் வரவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டியபடி அவன் மகள் திவ்யா மணலில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. அப்பா ‘கட்’ சொல்லும்வரை திரும்பக்கூடாது என்பது கண்டிப்பு.

சிவபிரகாஷ் ஹேடோ துறைமுகத்தில் கிரேன்களுக்குச் சிக்னல் காட்டுகிறவன். மற்ற நேரமெல்லாம் பழைய மலிவு பூதப் படங்கள்தான். ரப்பர் தோல், முதுகில் பல்லிளிக்கும் ஜிப், வௌவாலைத் தாங்கும் நூல், ராட்சசன் கழற்ற மறந்த கைக்கடிகாரம். இவற்றுக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பான். நிஜத்தில் அவன் பயந்தாங்கொள்ளி. எப்பேர்ப்பட்ட பூதமானாலும் உள்ளே ஒரு பாவப்பட்ட மனிதன் வியர்த்து வழிகிறான் என்று தெரிவதில் அவனுக்கு அவ்வளவு நிம்மதி.

அப்படியொரு படத்தை இப்போது அவனே போனில் எடுக்கிறான். பூதம், மனைவியின் தம்பி பாலகுமார். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட் வேலை முடிந்ததும் நேரே வந்து, பாறைக்குப் பின்னால் உடுப்பை மாட்டிக்கொண்டு, தண்ணீர் வழியாக வரவேண்டும் என்று ஏற்பாடு. லைஃப் ஜாக்கெட் பஞ்சும் தார்ப்பாயும் சேர்த்துத் தைத்த உடுப்பு. உள்ளே போனவனுக்குக் காது கேட்காது, கண்ணும் அரைகுறை. அதனால் கிரேன்காரனிடம் பேசுவதுபோல் வெளிச்சத்தில்தான் பேச்சு. நடக்கும்போது படத்தில் டார்ச் வெளிச்சம் விழக்கூடாது. ஆகவே அணைந்தால் நட, எரிந்தால் நில்.

ரிகர்சலில் பாலகுமார் இதையே மாற்றி மாற்றிச் செய்தான். பஞ்சு பிதுங்கியது. தடுக்கி விழுந்தான்.

இன்று ஒரு பிசகு இல்லை. எரித்தால் நின்றது. அணைத்தால் நடந்தது. காற்று திரும்பியபோது உடுப்பின் பசை வாடைக்குப் பதிலாக, நீர் வற்றிய அலையாத்திக் காட்டுச் சேற்றின் வாடை குப்பென்று வந்தது. “தேறிட்டான்டா” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

டார்ச்சை எரித்தான். திவ்யாவுக்கு நாலைந்து அடி பின்னால் அது நின்றது.

கையிலிருந்த போன் அடித்தது. படப்பிடிப்பு நின்று, திரையில் பாலகுமார் பெயர் வந்தது.

“அரே மச்சான், கோச்சுக்காதீங்க. போட் லேட்டு, இங்க பப்ளிக் ஒரே சண்டை. நாளைக்கு வெச்சுக்கலாம்.”

“எங்கடா இருக்க?”

“ஜெட்டியிலதான். ட்ரெஸ்ஸும் ஸ்கூட்டர்லயே கெடக்கு. ஏன் மச்சான்?”

சிவபிரகாஷ் மகளை நோக்கி ஓடக் காலெடுத்தான். டார்ச் ஆடி, வெளிச்சம் அதன்மேலிருந்து விலகியது.

அது ஓர் அடி வைத்தது.

பதறி மறுபடி வெளிச்சத்தை அதன்மேல் நிறுத்தினான். நின்றது. இனி டார்ச் அசையக்கூடாது.

“கட்! திவ்யா, கட்! அப்பாகிட்ட ஓடி வாம்மா!”

அவள் எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். திரும்பினாள்.

“மாமாவ விட்டுட்டா? அவருக்குத்தான் கண்ணு தெரியாதே.”

“வேணாம்! தொடாத! இங்க வா!”

“இருங்கப்பா. விழுந்துடுவாரு.”

ரிகர்சல் முடிந்ததும் மாமாவைக் கைப்பிடித்துக் கூட்டிவருவது அவள் வேலை. அதில் அவளுக்கு ஏகப் பெருமை.

போய்க் கையைப் பிடித்தாள்.

“மாமா, கை ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?”

விரல்கள் மெதுவாக மூடின. அவள் மணிக்கட்டு அதன் கைக்குள்ளே போனது. பிறகு முழங்கை.

டார்ச் மங்கத் தொடங்கியது. மஞ்சள் வெளிச்சத்தில், அவன் காட்டிய சிக்னலுக்குக் கட்டுப்பட்டு, அது அடி வைக்காமல் நின்றது. தலை மட்டும் கடல் பக்கம் திரும்பியிருந்தது.