ஐந்தாவது நடை

ஏணியில் ஏறியவர்கள் நாலு பேர். கூரையில் நடந்தவர்கள் ஐந்து பேர்.

படுக்கையில் மல்லாந்து கிடந்த ஒலிப்பதிவாளர் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். கையையும் காலையும் வாயையும் வாரிக்கொண்டு போன பக்கவாதம் காதை மட்டும் விட்டுவைத்திருக்கும் என்பதற்கு என்ன நிச்சயம்? ஆனால் முப்பத்தோரு வருஷம் வானொலி நிலையத்தில் நாடகங்களுக்குக் காலடி ஓசை போட்ட மனிதர் அவர். மணல் தட்டில் பழைய செருப்பைத் தேய்த்து ஒரு கிழவரை நடக்க வைப்பார். பலகையில் இரண்டு விரலால் தட்டி ஒரு குழந்தையை ஓட விடுவார். வராந்தாவில் யார் வருகிறார்கள் என்பதைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிடுவார் என்று அவரை வைத்துப் பந்தயம் கட்டி, தோற்றவர் தேநீர் வாங்கிக் கொடுத்த காலமும் உண்டு.

அதனால் மறுபடி எண்ணினார். குதிகாலை ஓங்கி ஊன்றுகிறவர் கான்ட்ராக்டர். இடது காலை லேசாக இழுக்கிறவர் தச்சர். செருப்பைக் கழற்றாமல் ஓட்டின்மேல் சரக் சரக்கென்று போகிறவர் ஒருவர். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தட்டிப் பார்த்துக் கால் வைக்கிற பயந்தாங்கொள்ளி ஒருவர். நாலு.

ஐந்தாவது நடைக்குக் குதிகாலே இல்லை. விரல் நுனி மட்டும் பட்டது. ஓர் அடி, பிறகு ஒரு நிதானம், பிறகு இன்னோர் அடி. நாற்பது வருஷத்து ஓடு அதற்கு முனகக்கூட இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று நடக்கிற நடை அது.

இந்தக் கூரைக்கு ஆள் பிடிக்க அவர் மனைவி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் டீச்சர்தான். போன மழையில் கணவரின் கால்மாட்டில் ஒரு பாத்திரம், தலைமாட்டில் ஒரு பாத்திரம் என்று வைத்து இரவெல்லாம் மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகு, இனி ஒரு மழையை இந்த ஓட்டை நம்பித் தாண்ட முடியாது என்று தீர்மானித்தார். முதலில் வந்த கான்ட்ராக்டர் கூரையை அளந்துகொண்டு போனவர், போனவர்தான். இரண்டாமவர் ஏணியில் பாதி ஏறி, உச்சுக் கொட்டி, இறங்கிவிட்டார். மூன்றாமவரை யாரும் கூப்பிடவில்லை. தெருவோடு போகும்போது ஓடு சரிந்திருப்பதைப் பார்த்ததாகச் சொல்லி, அவராகவே வந்து வாசல் கதவைத் தட்டினார்.

நாற்பதைத் தொட்ட வயது. தூக்கம் இல்லாத கண்கள். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தவர் இந்த அறைக்கு வந்ததும் படுக்கையருகே நின்றுவிட்டார். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கும் முன்பே அவர் கேட்டது வேறு.

"சாருக்குப் பேச்சு வருமாங்க?"

"வராது. ஆனா காது பாம்புக் காது. அதனால என்னைப் பத்தி எதுவும் இங்க நின்னு பேசிராதீங்க" என்றார் டீச்சர்.

கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஆறே நாளில் முடித்துத் தருவதாகவும், உளுத்த கைமரங்களை மாற்றி, ஓட்டை எடுத்துவிட்டுத் தகடு போட்டு, அறைக்குள் தெரியும் சீலிங் பலகைகளையும் புதிதாக அடித்துவிடுவதாகவும் சொன்னார். இவ்வளவு இங்கிதமான மனிதரை இந்தத் தொழிலில் பார்த்ததே இல்லை என்று அன்று மாலை தொலைபேசியில் மகளிடம் டீச்சர் வியந்து வியந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மதியம் நாலு பேரும் சாப்பிட இறங்கினார்கள். படுக்கையிலிருந்து பார்த்தால் ஜன்னலில் ஏணியின் நடுப்பகுதி தெரியும். கான்ட்ராக்டர் ஏணியடியில் நின்றுகொண்டு, இறங்குகிற ஒவ்வொருவரின் தோளையும் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் அண்ணாந்து பார்த்தார். கொல்லைக் குழாயில் கை கழுவும் சத்தம், டப்பா மூடிகள் திறக்கும் சத்தம். வழக்கமாக வேலையாட்கள் கூடினால் கேட்கிற கேலிப் பேச்சு, பாட்டு, எதுவும் இல்லை. நாலு பேரும் அவசரமாகச் சாப்பிட்டு முடித்தார்கள்.

மேலே, விரல் நுனி. ஓர் அடி. இன்னோர் அடி.

கூடத்தில் டீச்சர் தனக்குத் தானே எதையோ பேசிக்கொண்டு அலமாரிக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார். அந்த நடை கூடத்துக்கு நேர் மேலே போய் நின்றது. அவர் சமையலறைக்குப் போனார். அதுவும் போனது.

ஒலிப்பதிவாளரிடம் மிச்சமிருந்த பேச்சு இமைகள்தான். ஒரு முறை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. மருத்துவமனையில் கொடுத்த எழுத்து அட்டையையும் காட்டிப் பார்த்தார்கள். பக்கவாதம் எழுத்துகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆக, அடுத்தவர் கேட்டால்தான் அவர் பதில் சொல்ல முடியும். கேள்வி சரியாக விழ வேண்டும்.

அன்று மாலை அவர் முகம் வேர்த்திருப்பதைப் பார்த்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் விடை மிஞ்சித்தான் ஆக வேண்டும் என்பது அவருடைய கட்சி. வலியா என்று கேட்டார். இல்லை. தண்ணீரா? புரட்டிப் படுக்க வைக்கவா? இல்லை, இல்லை. தூசியா, சத்தமா?

சத்தம் என்றதும் ஒரு முறை இமைத்தார். இமைத்த வேகத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சத்தம் தொல்லையா இருக்கா? ஆறு நாள்தாங்க. பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கோங்க" என்று நெற்றியைத் துடைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் காலை அவர் இரு காதிலும் பஞ்சு வைத்துவிட்டார். பஞ்சைத் தாண்டியும் கேட்டது.

மூன்றாம் நாள் ஓடுகள் முழுக்க இறங்கிவிட்டன. நீலத் தார்ப்பாயைக் கட்டினார்கள். படுக்கையைக் கூடத்துக்கு நகர்த்திப் போட்டார்கள். அறையின் பழைய பலகைகளைப் பிடுங்கும்போது கிளம்பிய நெடி வீடெங்கும் நிறைந்தது. மக்கிய மரத்தின் நெடி, எலிப் புழுக்கை நெடி, அவற்றோடு இன்னொன்று: நனைந்த தலைமுடியை வெயிலில் காயவைத்தது போன்ற ஒன்று. அது பழைய வீட்டு நெடி இல்லை. நாற்பது வருஷம் இந்த வீட்டில் மூச்சு விட்டவருக்கு அது தெரியும்.

வேலையாட்கள் கூரையின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து வேலை செய்வதையும் அவர் காதாலேயே கவனித்தார். ஆறு அடி தள்ளி விழுந்த சுத்தியலை யாரும் போய் எடுப்பதில்லை. கீழே இறங்கி, வேறொரு சுத்தியல் எடுத்துக்கொண்டு ஏறினார்கள்.

நாலாம் நாள் தகடு ஏறியது. ஐந்தாம் நாள் புதுப் பலகைகளை அடித்தார்கள். தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு இடம் இருந்தது. அதை அப்படியே மூடி ஆணியடித்துவிடுவதாக இருந்தார் கான்ட்ராக்டர். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு எங்காவது ஒழுகினால் எப்படி ஏறிப் பார்ப்பது, ஒரு சின்னக் கதவு வேண்டும் என்றார். தேவையில்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார் அவர். டீச்சர் கணக்கு வாத்தியார். கதவு வைக்கப்பட்டது, படுக்கையறை மூலையில், இரண்டடிக்கு இரண்டடி.

கடைசிப் பலகை அடிபட்டதும் அந்த நாலு பேரும் முதல் தடவையாகச் சிரித்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். பயந்தாங்கொள்ளி ஏணியில் இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

ஆறாம் நாள் சாயங்காலம், படுக்கையை அறைக்குத் திருப்பிப் போட்ட பிறகு, கான்ட்ராக்டர் விடைபெற வந்தார். டீச்சர் தேநீர் போட உள்ளே போயிருந்தார். கான்ட்ராக்டர் கதவை ஒருக்களித்துவிட்டுக் கட்டிலருகே மண்டியிட்டார். அவர் காதிலிருந்த பஞ்சை மெதுவாக எடுத்தார்.

"மொத நாள் நான் ஆளுங்களை எண்ணினப்ப நீங்களும் எண்ணினீங்க. ஜன்னல் வழியா பார்த்தேன், உங்க கண்ணும் மேலதான் போச்சு. உங்க கணக்குல அஞ்சு வந்துச்சா சார்?"

ஆறு நாளாக ஒரு மனிதரும் கேட்காத கேள்வி. அவர் இமைத்தார். ஒரு முறை.

கான்ட்ராக்டர் தலை கவிழ்ந்தது. ஏழு மாதத்துக்கு முன் ஒரு பழைய கூரையைப் பிரித்ததிலிருந்து அது தங்களோடு வருவதாகச் சொன்னார். எந்த வீட்டுக்குப் போனாலும் தங்களுக்கு முன்னால் மேலே ஏறி நிற்கிறது. வீட்டுக்காரர்களில் யாருக்காவது கேட்டு, அவர்கள் கூச்சல் போட்டுவிட்டால் அங்கே தங்குவதில்லை. திரும்பவும் கூட வந்துவிடுகிறது. சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்துகொண்டே போனது.

"இங்க யாரும் கூச்சல் போடல. நேத்து உள்ள போயி உக்காந்துருச்சு. எனக்கு வேற வழி தெரியல சார். வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு."

தேநீர்த் தட்டோடு டீச்சர் வந்தார். கான்ட்ராக்டர் எழுந்து நின்று, மேலே இருக்கும் சின்னக் கதவை மட்டும் அநாவசியமாகத் திறக்க வேண்டாம், தகட்டுச் சூடு இறங்கும் என்றார். தேநீரை நின்றபடியே குடித்தார். வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அதில் போனவர்கள் நாலு பேர்தான்.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. ஜன்னல் திரைகளைத் துவைத்து மாட்டியிருந்தார் டீச்சர். புது மர வாசனையும் சோப்பு வாசனையுமாக அறையே பளிச்சென்று இருந்தது. இனி எந்த மழையும் வரட்டும், ஒரு கை பார்க்கலாம் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டி, செய்தித்தாளைப் பிரித்தார்.

மேலே ஓர் அடி விழுந்தது.

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

இன்னோர் அடி. பலகை லேசாகக் கிறீச்சிட்டது. இது வரைக்கும் அது ஒரு பலகையையும் கிறீச்சிட விட்டதில்லை.

டீச்சரின் கை நின்றது. நிமிர்ந்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். அதில் எதைப் பார்த்தாரோ, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவர் பக்கம் குனிந்தார்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

ஒரு முறை.

"எலியா?"

இரண்டு.

"பூனை ஏதாவது உள்ள போயிருச்சா?"

இரண்டு.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஆளா?"

ஏழு நாளாக இந்த ஒரு சொல்லுக்காகத் தவம் கிடந்த இமைகள். மனசு யோசிக்கும் முன்பே அவை மூடித் திறந்துவிட்டன. ஒரு முறை.

பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஐயையோ, வேலைக்காரங்கள்ல யாரோ உள்ளயே மாட்டிக்கிட்டாங்க போல" என்று டீச்சர் எழுந்துவிட்டார். இந்த வெயிலில், அந்தத் தகட்டுக்குக் கீழே, நேற்றிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல். கான்ட்ராக்டரின் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தார். அணைத்து வைத்திருந்தது. முணுமுணுத்துக்கொண்டே போய், மின்விசிறி துடைக்கும் மடக்கு ஏணியைக் கொண்டுவந்து மூலையில் விரித்தார். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டார்.

இல்லை. இல்லை. இரண்டு முறை. மறுபடி இரண்டு முறை. இமைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஆனால் டீச்சர் முதுகைக் காட்டி ஏறிக்கொண்டிருந்தார். தொண்டைக்குள் அவர் ஓர் ஓசையைத் தேடினார். ஆயிரம் ஓசை செய்த மனிதர். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எச்சில் மட்டும் கடைவாயில் வழிந்தது.

கதவு மேல்நோக்கித் திறந்தது. அந்த நெடி இறங்கியது.

டீச்சரின் தலை உள்ளே போனது. தோள் போனது. இடுப்பு வரைக்கும். கீழே தெரிந்தவை கால்கள் மட்டும். நாலாவது படியில் இரண்டு பாதங்கள், இடது கணுக்காலில் பழைய கொசுக்கடித் தழும்பு.

"யாரு உள்ள? பயப்படாதீங்க. இந்தாங்க, தண்ணி கொண்டாந்திருக்கேன்."

வகுப்பில் அழுகிற பிள்ளையிடம் பேசுகிற குரல்.

மேலே, கூடத்துப் பக்கமிருந்து, விரல் நுனி. ஓர் அடி. இன்னோர் அடி. கிட்டே.

"எந்திரிக்க முடியுதா? கையைக் குடுங்க, நான்..."

பேச்சு நின்றது. கத்தல் இல்லை. மூச்சை இழுக்கும் சத்தம்கூட இல்லை. பாட்டில் விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது.

ஏணி அசையவில்லை.

பாதங்களின் பின்பகுதி படியிலிருந்து எழும்பியது. பிறகு விரல்கள். ஒரு விரற்கடை. ஒரு சாண். உதறவில்லை, துடிக்கவில்லை. கழுவி உலர்த்தப் போட்ட துணிபோல இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கின.

மேலே ஏறவில்லை. கீழே இறங்கவில்லை.

ஜன்னல் வழியே வெயில் அந்தப் பாதங்களில் விழுந்தது. பகல் மணி இரண்டேகால். மகள் ஏழு மணிக்குத்தான் கூப்பிடுவாள். அதுவரைக்கும் இந்த அறைக்கு வர ஒருவரும் இல்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம், அவரால் முடிந்தது அது ஒன்றுதான். மூடவில்லை. மூடினால் மேலே இருப்பதற்கு அது என்ன பதிலாகப் படுமோ.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கால்கள் மெல்ல, மிக மெல்லத் திரும்பின. பத்து விரல்களும் கட்டிலை நோக்கி வந்ததும் நின்றன.