தலைமாட்டுப் பெட்டி

மகளின் பாடசாலைப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது ஆரின்ரை பை?" என்று ஸாஜித் கேட்டபோது, நிஹ்லா அதைப் பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டாள். ஆறு வயது அர்வா வாசலில் குந்தியிருந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ரை பை, வாப்பா."

அவன் சிரிக்கவில்லை. பையைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்த யாரோ ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான்.

நிஹ்லாவுக்கு முதலில் வந்த சந்தேகம் வேறு. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறவன். பகல் முழுக்கப் படுக்கையறைக் கதவு சாத்தியே இருக்கும். எவளோ ஒருத்தியோடு கதைக்கிறான், அதுதான் மனம் வீட்டில் இல்லை என்று நினைத்தாள். அவன் குளிக்கப் போன நேரம் தொலைபேசியை எடுத்துத் துழாவினாள். ஒன்றுமில்லை. கட்டிலின் தலைமாட்டில், போன மாதம் சுவரில் பூட்டிய வைஃபை பெட்டி மட்டும் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கிட்டப் போனாள். சூடேறிய பிளாஸ்டிக் மணம். அதற்குள்ளிருந்து, காதுக்குள் நுளம்பு சிக்கியதுபோல ஒரு மெல்லிய இரைச்சல். தொட்டால் காய்ச்சல்காரரின் நெற்றிபோல வெதுவெதுப்பாக இருந்தது. அவளும் ஸாஜித்தும் அதன் கீழேதான் தலைவைத்துப் படுக்கிறார்கள். அர்வா படுப்பது வீட்டின் மற்றத் தொங்கலில், முன்னறையில்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அவன் வந்து இருந்ததும் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, உந்தப் பெட்டியைக் கழட்டி வெளியிலை பூட்டுவம். ஞாபகத்தைத் தின்னுமாம் எண்டு சொல்லுகினம்."

"உதெல்லாம் ஃபேஸ்புக் கதை. எனக்கு என்ன ஞாபகம் போட்டுது?"

"மகளின்ரை பேர் என்ன?"

அவன் வாயைத் திறந்தான். உதடுகள் ஏதோ எழுத்தைத் தேடி அசைந்தன. மூடின. மீன்குழம்பு பட்ட விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உமக்கு வேறை வேலையில்லை" என்று எழும்பிப் போய்விட்டான்.

பின்னேரம் அர்வா குர்ஆன் ஓதப் பள்ளிவாசலுக்குப் போனாள். அஸர் தொழுகைக்கு ஸாஜித்தும் அங்கே போனான். வீட்டில் தனியாக நின்ற நிஹ்லா பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது.

இரைச்சல் நிற்கவில்லை.

பெட்டியில் காதை வைத்தாள். அங்கே இல்லை. சுவரில் இல்லை. இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் இறுக்கிப் பொத்தினாள். சத்தம் கூடியது. அது தலைக்குள் இருந்தது.

தானும் அந்தக் கட்டிலில்தானே படுத்தாள்? குசினிக்குப் போய் வெங்காயத்தை எடுத்து உரித்தபடி, மகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அர்வா. மார்கழி மழையில் பிறந்தவள். பாகற்காய் தின்னமாட்டாள். இடதுகை முழங்கையில் சுட்ட தழும்பு. எப்படிச் சுட்டது? தெரியவில்லை. பிறந்த நேரம் முகம் எப்படி இருந்தது? அந்த இடத்தில் வெறும் வெள்ளை. இரைச்சல்.

அர்வா. அர்வா. சொல்லிக்கொண்டே இருந்தாள். விட்டால் போய்விடும். அர்வா. வெங்காயம் கண்ணைக் கரித்தது. அர். உதடு நின்றது.

எதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்?

கண்ணைத் துடைத்தாள். மனம் லேசாக இருந்தது. எதற்கோ பயந்ததுபோல ஒரு களைப்பு மட்டும்.

படலை திறந்தது. ஸாஜித் வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு சிறுமி. வெள்ளை முக்காடு, புழுதிக் கால்கள். அவன் உள்ளே ஏறிக்கொண்டான். சிறுமி வாசற்படியில் செருப்பைக் கழற்றினாள்.

"உம்மா, பசிக்குது."

நிஹ்லா சுற்றிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

"ஆரைத் தேடுறீங்க, பிள்ளை?"

சிறுமி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"பள்ளியடியிலையிருந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டுது" என்றான் ஸாஜித், சட்டையைக் கழற்றியபடி. "வீடு மாறி வந்திருக்கும்."

"இருட்ட முந்தி வீட்டை போங்கோம்மா. தேடுவினம்" என்று சொல்லி, நிஹ்லா கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

கதவின் கீழ்ப்பாதியில் தட்டல். உம்மா. தட்டல். உம்மா, நான். பிறகு அழுகை.

இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள். மஃரிப் பாங்கு கேட்டது. இரைச்சல் இப்போது இதமாக இருந்தது.

கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் இருந்த இடுக்கால் நாலு சின்ன விரல்கள் உள்ளே வந்து, குளிர்ந்த சீமெந்தைத் தடவிக்கொண்டிருந்தன. நிஹ்லாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. எழும்பிப் போய், கால் துடைக்கும் சாக்கைக் காலால் தள்ளி, இடுக்கை அடைத்தாள்.