பிஞ்சுப் பாதத்தில் சிவப்பு வெளிச்சம்

“நான்தான் என்ர பிள்ளையைச் சாக்காட்டினனான்!”

மேரிசுகந்தி அலறினாள். தீவின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி விறாந்தையே அதிர்ந்தது!

வீட்டில் இறந்துபோன அவள் கைக்குழந்தையின் உடல், பிரேத பரிசோதனைக்காக யாழ்ப்பாணம் போயிருந்தது.

பொலிஸ் சார்ஜன்ட் வாகீசன் கதிரையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இருந்து சொல்லுங்கோ, தங்கச்சி.”

“பால் குடுக்கேக்கை கண்ணயர்ந்திட்டன், சேர். முழிச்சுப் பாக்க... நீலம்பாரிச்சுக் கிடந்தான். என்ர நெஞ்சே அவன்ர மூச்சை அடைச்சுப்போட்டுது! மனுசன் கடலாலை வந்து கேட்டால் என்ன சொல்லுவன்?”

பிள்ளை இல்லை.

பால் மட்டும் நிற்கவில்லை. சட்டை நனைந்துகொண்டே இருந்தது...

தொலைபேசி அலறியது!

டொக்டர் துஷாந்தினி எடுத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து பரிசோதனை முடிவு. கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறியது.

“சார்ஜன்ட், இது கொலையில்லை! பிள்ளைக்குப் பிறவியிலயே இருதயத்தில பழுது. இவ கண்ணயராட்டிலும்...”

“அவனை இங்கைதானே பெத்தனான்! ஒருத்தரும் சொல்லேல்லையே!”

“வெளியாலை தெரியாது, அம்மா. வீட்டை அனுப்பமுதல் கையிலயும் காலிலயும் ஒரு கருவியைப் பூட்டி இரத்தத்தில ஒட்சிசன் பாக்கவேணும். பழுதிருந்தால் அதில பிடிபட்டிருக்கும். எல்லாப் பிள்ளையளுக்கும் பாக்கச் சொல்லி அரசாங்க உத்தரவே இருக்கு. கருவி கேட்டு எத்தினை தரம் எழுதினனான்... வரேல்லை.”

“வ... வந்தது, டொக்டர்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

நிர்வாகப் பொறுப்பாளர் அம்பலவாணர்!

“எங்கை?”

“என்ர அலுமாரிக்கை. கொழும்பாலை அமைச்சுப் பெரியவர் வந்து நாடா வெட்டுவன் எண்டவர். அதுவரைக்கும் பெட்டியை உடைக்கவேண்டாமாம். திறப்பு விழாவுக்கு நாள் கேட்டிருக்கிறம்...”

மேரிசுகந்தி எழுந்தாள்.

கதிரையைத் தூக்கினாள். எதிரே அம்பலவாணரின் அறைக்குள் பாய்ந்தாள்.

படீர்!

அலுமாரிக் கண்ணாடி சிதறியது. கையில் இரத்தம். அந்தக் கையிலேயே பெட்டி!

“சார்ஜன்ட்! அரச சொத்து! பிடியுங்கோ!”

வாகீசன் அசையவில்லை.

அவள் பெட்டியோடு வார்ட்டுக்குள் ஓடினாள். அங்கே அன்று காலை பிறந்த ஒரு குழந்தை தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

“பூட்டுங்கோ, டொக்டர்!”

டொக்டர் கருவியை எடுத்துப் பூட்டினாள். முதலில் கை. பிறகு கால். பிஞ்சுப் பாதத்தில் சிவப்பு வெளிச்சம் மினுங்கியது. திரையில் எண்கள்...

“நல்லாயிருக்கு. இவனுக்கு ஒண்டுமில்லை.”

“முடிஞ்சுதோ?”

“ஓம்.”

“அழக்கூட இல்லை... இவ்வளவுதானோ, டொக்டர்?”

டொக்டர் தலையைக் குனிந்தபடி கருவியைக் கழற்றினாள்.

“இவ்வளவுதானோ!”

நனைந்த நெஞ்சை இரண்டு கைகளாலும் அமத்திக்கொண்டு, நிலத்தில் சரிந்து அழுதாள் மேரிசுகந்தி.

வாசலில் அம்பலவாணர் கையைப் பிசைந்தார்.

“இனிப் பெரியவருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

வாகீசன் திரும்பிப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

“திறப்பு விழா முடிஞ்சுதெண்டு சொல்லுங்கோ. அவருக்கெண்டு எடுத்து வைச்ச மாலை இருந்தால் தாங்கோ... அந்தப் பிள்ளையின்ர சவப்பெட்டியில போடலாம்!”