நூற்றுக்கு நூறு வாங்கிய சிரிப்பு

பனிக்குடியில் வீட்டுக் கதவைத் திறக்கச் சாவி கிடையாது, சிரிக்க வேண்டும். கதவுக்கு மேலே உள்ளேயும் வெளியேயும் பதித்திருக்கும் முறுவல்மானியை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தால், உதட்டின் நீளம், பல்வரிசை, கன்னத் தசையின் இழுப்பு எல்லாவற்றையும் அளந்து நூற்றுக்கு இத்தனை என்று அது எண் காட்டும். எழுபதைத் தொட்டால் பச்சை விளக்கு எரிந்து கதவு விலகும். அந்த எண்ணுக்கு அங்கே 'க்ரின்' என்று பெயர், பல் தெரியும் சிரிப்புக்கான ஆங்கிலச் சொல். காய்ச்சல்காரரிடம் டிகிரி கேட்பதுபோல, இன்றைக்கு உங்கள் க்ரின் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டேதான் சனங்கள் வேலைக்குப் போவார்கள்.

சனிக் கோளின் நிலவு ஒன்றில், பனிப்பாறையைக் குடைந்து தண்ணீர் எடுப்பவர்களின் குடியிருப்பு அது. முப்பது வருடங்களுக்கு முன்னால் மனம் நொந்திருந்த ஒருவர் காற்றுக்குழாயின் வால்வை மூட மறந்துவிட்டார். மகிழ்ச்சியாக இருக்கிறவன்தான் கவனமாக வேலை செய்வான் என்று பூமியிலிருந்த தலைமை அலுவலகம் அன்றைக்குக் கண்டுபிடித்தது. ஒரே மாதத்தில் மூன்று முறை எழுபதுக்குக் கீழே போனால் கன்னத் தையல். மயிரிழையை விட மெல்லிய உலோக நூலைக் கன்னத்துக்குள் கோத்து, உதட்டோரத்தை மேலே இழுத்துக் கட்டிவிடுவார்கள். வலிக்காது. அவிழ்க்கவும் முடியாது.

பதினைந்து வயதுத் தாமிராவுக்கு அந்த நூல் என்றாலே பயம். சுரங்கக் கூரை சரிந்து மஸ்தான் மாமா இறந்த அன்று, ஏற்கெனவே தையல் போடப்பட்டிருந்த அவர் மனைவி அந்தோணியம்மாள் அத்தை அவர் உடலின் பக்கத்தில் உட்கார்ந்து அழுததை அவள் பார்த்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

மஸ்தான் அவளுடைய அப்பா ஜெயசீலனின் கூட்டாளி. இருபது வருடம் ஒரே துளைக்கருவியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தவர்கள். கூரைக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லி இருவரும் மூன்று முறை எழுதிக் கேட்டும் மேற்பார்வையாளர் அசையவில்லை. துக்க விடுப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் ஜெயசீலனுக்கு நாற்பத்தொன்று, கதவு விலகவில்லை. மறுநாள் முப்பத்தெட்டு. இன்றைக்கு மூன்றாவது நாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று, விரலால் உதட்டை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் ஏதாவது ஒரு சொல்லின் வரலாற்றை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். தாமிரா தனக்கு மிகவும் பயமூட்டிய 'க்ரின்' என்ற சொல்லையே எடுத்திருந்தாள். நூலகப்பொறி சொன்ன பதிலை அவள் இரண்டு முறை படித்தாள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் சிரிப்பைக் குறிக்கவே இல்லை. வலி தாங்காமலோ ஆத்திரத்திலோ பல்லைக் காட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். மூலையில் மாட்டிக்கொண்ட நாய் உதட்டைத் தூக்குமே, அதைப்போல. சிரிப்பு என்ற பொருள் பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது.

அவள் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணாடியிலிருந்து இழுத்தாள்.

"நீங்க சிரிக்க வேணாம்ப்பா."

"சிரிக்காம கதவு எப்படிம்மா திறக்கும்?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு உதட்டை மட்டும் விரிங்க. முட்டுக் கொடுக்க மாட்டேன்னு சொன்ன ஆளு மூஞ்சிய நினைச்சுக்குங்க. மஸ்தான் மாமாவ நினைச்சுக்குங்க."

ஜெயசீலன் கதவின் முன்னால் போய் நின்றார். தாடை இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது, இரண்டு வரிசைப் பற்களும் வெளியே வந்தன. தாமிரா பயத்தில் ஒரு அடி பின்வாங்கினாள்.

தொண்ணூற்று நான்கு. பச்சை. "இனிய நாள்," என்றது கதவு.

அவர் சுரங்கத்தில் இரண்டு பேரிடம் சொன்னார். பத்து நாளில் குடியிருப்பு முழுக்கக் கோபத்தில் பல்லைக் காட்டியது. ஒவ்வொருவருக்கும் நினைத்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். கம்பெனி வரைக்கும் போக வேண்டியதில்லை, மாமியாரே போதும் என்றார் ஒருவர், அவருக்குத் தொண்ணூற்றேழு.

இருநூற்று நாற்பது பேரின் சராசரி தொண்ணூற்றாறு என்றதும் தலைமை அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த கப்பலில் சியாமளநாதன் என்ற அதிகாரி இறங்கினார். முகத்திலிருந்து சிரிப்பு இறங்காத மனிதர். ஏமாற்று நடந்திருந்தால் மொத்தக் குடியிருப்புக்கும் கன்னத் தையல் என்ற ஆணை அவர் பையில் இருந்தது, கையெழுத்துத்தான் பாக்கி. எண்கள் எந்தக் கதவிலிருந்து ஏறத் தொடங்கின என்று பார்த்து நேராக ஜெயசீலன் வீட்டுக்கு வந்தார். ஜெயசீலன் சுரங்கத்தில் இருந்தார். தாமிரா மட்டும்தான் வீட்டில்.

கதவு மூடிக்கொண்டது. அவர் சிரித்தபடியே ஆணையைப் படித்துக் காட்டினார். எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"அது சிரிப்பு இல்ல சார், கோவம். நான்தான் சொல்லிக் குடுத்தேன். தையல் போடறதுன்னா முதல்ல எனக்குப் போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி கூரைக்கு முட்டுக் குடுங்க."

கோபத்துக்கு இந்தக் கருவியால் மதிப்பெண் போடவே முடியாது என்றார் அவர். நூறு என்று அது எதைத்தான் எடுத்துக்கொள்கிறது பார்த்துவிடலாம் என்று முறுவல்மானியின் மூடியைக் கழற்றினார். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கல்யாண ஆல்பங்களைச் சேர்த்து, அந்த லட்சக்கணக்கான படங்களைக் காட்டித்தான் அதற்குச் சிரிப்பைப் பழக்கியிருந்தார்கள். வாழ்க்கையின் மகிழ்ச்சியான நாள் அதுதானே. அவற்றில் நூற்றுக்கு நூறு வாங்கிய படத்தை அவர் திரையில் வரவழைத்தார்.

வரவேற்பு மேடையில் ஒரு மணப்பெண். கனத்த மாலை கழுத்தைக் கீழே இழுத்தது. கை பரிசுப்பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருந்தது. கண் கொடுத்தவரைப் பார்க்கவில்லை. மேடைக்குக் கீழே வரிசை மண்டப வாசல்வரை நீண்டிருந்தது. படத்தின் ஓரத்தில் யாரோ ஒருவருடைய கை, இன்னும் கொஞ்சம் சிரிக்கும்படி சைகை காட்டியபடி உறைந்திருந்தது. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, அவளுடைய பற்கள் அத்தனையும் வெளியே தெரிந்தன.

"எத்தனை மணி நேரமா சார் நிக்கறாங்க இவங்க?" என்று தாமிரா கேட்டாள்.

சியாமளநாதன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் கையை ஊன்றி, பல் தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்தார். தாமிராவுக்கும் தொற்றிக்கொண்டது.

அவர் முகத்துக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. இருபத்தேழு. "தயவுசெய்து மகிழ்ச்சியாக இருங்கள்," என்றது கதவு.

அவர் அலுவலகச் சிரிப்பைத் தேடினார், அகப்படவில்லை. மறுபடி சிரிப்புதான் பீறிட்டது. இருபத்திரண்டு. இன்னும் ஒரு முறை என்றால் சட்டப்படி அவருக்கே தையல். முகம் வெளுத்துப்போய் அவர் தாமிராவின் பக்கம் திரும்பினார்.

"யாரை நினைச்சுக்கணும்மா?"

"இந்தத் தாள்ல கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பினவங்கள."

அவர் ஆணையை எடுத்து நான்காகக் கிழித்தார். கதவைப் பார்த்து நின்று, இருபத்தைந்து வருட உத்தியோகத்தை ஒவ்வொரு வருடமாக நினைத்துக்கொண்டார். தொண்ணூற்றொன்பது.

வெளியே ஷிப்ட் முடிந்து வந்த சுரங்கக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பல்லைக் காட்டியபடி போகும் அந்த அதிகாரியிடம் என்ன சங்கதி என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த முகம்தான் அது.