வலது சீட்டில் ரஞ்சிதம்

விமானம் இறங்கியது.

ஓட்டி வந்தவர் இறங்கவில்லை!

லாஸ்பேட்டை ஏர்போர்ட். சித்திரை மாதக் காலை. எட்டு மணி கூட ஆகாத வெயிலில் தார் இளக ஆரம்பித்திருந்தது. நாலு சீட் கொண்ட அந்தக் கிழட்டுக் குட்டி விமானம் ஓடுபாதையின் கோடி வரைக்கும் உருண்டு போய், புல்லுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. முன்பக்க விசிறி மட்டும் சுற்றிக் கொண்டே இருந்தது.

சுற்றிக் கொண்டே...

முதலில் ஓடியவள் அன்புசெல்வி. அந்த விமானத்தைப் பராமரிக்கும் இன்ஜினீயர். அவள் கையெழுத்துப் போட்டால்தான் அது பறக்கும். போடாவிட்டால் அது வெறும் தகரம். விசிறியில் படாமல் ஒதுங்கிச் சுற்றி வந்து கதவை இழுத்தாள். புது ரப்பர் ஒட்டிய கதவு 'ப்ளக்' என்று திறந்தது. உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது.

இடது சீட்டில் ராமலிங்கம்.

உதடு ரோஜா நிறத்தில் இருந்தது. கன்னம் செக்கச்செவேல்! உயிரோடு இருந்த நாளில் அந்த மனிதர் இவ்வளவு தெம்பாக இருந்ததே இல்லை.

செத்துப் போயிருந்தார்.

தலை வலது பக்கம் திரும்பியிருந்தது. காலியாக இருந்த வலது சீட்டைப் பார்த்துச் சிரித்தபடியே உயிர் போயிருந்தது. ஆளே இல்லாத அந்த சீட்டுக்கு பெல்ட் போட்டிருந்தது!

அன்புசெல்வி கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினாள். அப்போதுதான் பார்த்தாள். டயல்களுக்குக் கீழே ஒரு நாப். முழுசாக வெளியே இழுத்து விடப்பட்டிருந்தது.

ஹீட்டர்!

சித்திரையில்... புதுச்சேரியில்... ஹீட்டர்!

ராமலிங்கம் யாரென்று சொல்லி விடுகிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பிள்ளை குட்டி இல்லை. மனைவி ரஞ்சிதம் புற்றுநோயில் போய்ச் சேர்ந்த பிறகு, இருந்த பாசத்தையெல்லாம் அந்த விமானத்தின் மேல் கொட்டினார். பழைய வட்ட டயல்களைப் பிடுங்கிவிட்டு டிவி மாதிரி திரை வைத்தார். புது ரேடியோ வைத்தார். சீட்டுக்குத் தோல் மாற்றினார். மூக்கில் 'ரஞ்சிதம்' என்று தமிழில் எழுதினார். கடைசியாகப் புது எஞ்சின் மாட்ட வேண்டும் என்றார். அதற்காக பீச்சுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அந்த மஞ்சள் வீட்டையே ஒரு ஓட்டல்காரருக்கு விற்கப் பேசி முடித்திருந்தார். வீட்டை விற்று எஞ்சின் வாங்கும் ஆளை ஊரில் எல்லாரும் கிறுக்கன் என்றுதான் சொன்னார்கள்.

கிறுக்குக்கு இன்னொரு காரணமும் இருந்தது.

மேலே போனால் ரஞ்சிதம் பக்கத்து சீட்டில் வந்து உட்காருகிறாள் என்று சொல்லிக் கொண்டிருந்தார்!

இன்ஸ்பெக்டர் கண்ணையனுக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. போஸ்ட் மார்ட்டம் நம்பிக்கை உண்டு. டாக்டர் சொன்னதைக் கேட்டுக் கொண்டு வந்தவர், அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. ராமலிங்கத்தின் சொந்தக்காரர்களிடம் ஹார்ட் அட்டாக் என்று சொல்லச் சொன்னார். உடம்பைக் கொடுத்து அனுப்பினார். பிறகு அன்புசெல்வியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்.

கதவுக்கு வெளியே சிவப்புத் தொப்பி கான்ஸ்டபிள் நின்று கொண்டார்.

"அவர் செத்தது புகையிலம்மா" என்றார் கண்ணையன். "கார்பன் மோனாக்சைடு. எஞ்சின் புகையில வர்ற விஷம். உங்க விமானத்துக்குள்ள அது எப்படி வந்துச்சு?"

அவள் மேஜை மேல் விரலால் படம் போட்டுக் காட்டினாள். எஞ்சினுக்கு சைலன்சர் உண்டு. அதைச் சுற்றி ஒரு தகர உறை. வெளிக்காற்று அந்த உறைக்குள் நுழைந்து, சைலன்சர் சூட்டில் சூடாகி, குழாய் வழியாக உள்ளே வரும். அதுதான் ஹீட்டர். சைலன்சரில் விரிசல் விழுந்தால் காற்றோடு புகையும் கலந்து வரும்.

"விரிசல் இருக்கா?"

"இருக்கு சார். நேத்து தகரத்தைக் கழட்டிப் பாத்தேன். விரல் நீளத்துக்கு இருக்கு."

"அதுக்கு முன்னாடி எப்ப கழட்டினீங்க?"

இங்கேதான் பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"கழட்டவே இல்ல சார். இந்த ஊர்ல யாரு சார் ஹீட்டர் போடுவாங்க?"

கண்ணையன் நாற்காலியில் சாய்ந்தார். நாபில் ராமலிங்கத்தின் கைரேகை மட்டும்தான் இருக்கிறது என்றார். விமானம் சரியாக இருக்கிறதென்று கையெழுத்துப் போட்டது அவள்தான் என்றார். ஒரு உயிர் போயிருக்கிறது, அதற்கு யாராவது உள்ளே போக வேண்டும், இப்போதைக்கு அவளைத் தவிர அவர் கண்ணில் யாரும் படவில்லை என்றார். எல்லாவற்றையும் டீ சாப்பிட்டுக் கொண்டே சொன்னார்.

அன்புசெல்விக்கு அழுகை வந்தது. ஜெயிலை நினைத்து மட்டும் அல்ல. போன மழைக்காலத்தில் ராமலிங்கம் பறந்துவிட்டு இறங்கி வந்த கோலம் ஞாபகத்துக்கு வந்தது.

"கண்ணாடியில பனி மாதிரி படிஞ்சுதுன்னு அன்னிக்கு ஹீட்டர் போட்டிருக்காரு சார். அத தொடைக்கிறதுக்கும் அதே காத்துதான். இறங்கினதும் என் கையப் புடிச்சிக்கிட்டாரு. அன்பு, ரஞ்சிதம் வந்து ஒக்காந்தாம்மான்னாரு. தலை வலிக்குதுன்னும் சொன்னாரு. நான் சிரிச்சேன் சார். அந்த வெஷம் மூளைக்குப் போனா இல்லாதது எல்லாம் தெரியும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் சிரிச்சிட்டேன்."

"அப்ப போன வருஷமே செத்திருக்கணுமே? ஏன் சாகல?"

நல்ல கேள்வி!

அன்புசெல்வி முகத்தைத் துடைத்துக் கொண்டு நிமிர்ந்தாள். அந்தக் கேள்வியை அவள் அதுவரை தன்னையே கேட்டுக் கொண்டதில்லை.

"அப்ப கதவெல்லாம் ஓட்டை சார். பழைய ரப்பர் பொடிஞ்சு போயிருந்துச்சு. மேல போனா காத்து பிச்சிக்கிட்டு உள்ள வரும். அதுதான் அவரைக் காப்பாத்தியிருக்கு. இப்ப புது ரப்பர் போட்டு இறுக்கிட்டோம். காத்து வர வழியில்ல."

"யாரு போடச் சொன்னது?"

"அவரோட தங்கச்சி மகன். விமல்ராஜ். மாமாவுக்குப் பொறந்தநாள் பரிசுன்னு பாரிஸ்லேர்ந்து ரப்பரை அவரே எடுத்துட்டு வந்தாரு. நான்தான் என் கையால ஒட்டினேன்."

அந்த விமல்ராஜ்தான் மழைக்காலத்தில் அதே நாளில் மாமாவோடு பின் சீட்டில் போனவன். இறங்கி வந்து வாந்தி எடுத்தவன். பாரிசில் என்ன வேலை என்று கண்ணையன் விசாரித்து வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் ருசி தட்டியது.

வீடுகளுக்கு ஹீட்டர் மாட்டுகிற வேலை!

குளிர் தேசம். கதவு ஜன்னலை இறுக்கி மூடிவிட்டு ஹீட்டரைப் போட்டுக் கொண்டு தூங்குகிறவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போவது அங்கே இருக்கிற விஷயம். அந்த விஷத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இருக்க முடியாது. மாமாவுக்கு வேறு வாரிசும் கிடையாது. வீடு விலை போயிருந்தால் அவனுக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழைய விமானம்.

"அப்ப அவரைப் புடிங்க சார்" என்றாள் அன்புசெல்வி.

"எந்த செக்‌ஷன்லம்மா? மாமனுக்கு ரப்பர் வாங்கிக் குடுத்த குத்தத்துக்கா?"

கருமாதி முடிவதற்குள் விமல்ராஜ் விமானத்தைப் பழைய இரும்புக்குப் போடப் பேசிவிட்டான். கண்ணையன் அவனை ஏர்போர்ட்டுக்கு வரச் சொன்னார். ஃபைலை மூடுவதற்கு ஒரு சம்பிரதாயம், எஞ்சினை ஓட்டிப் பார்த்து வாரிசிடம் ஒப்படைக்க வேண்டும், உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றார்.

மத்தியான வெயிலில் வந்தான். கறுப்புக் கண்ணாடி. முகத்தில் அளவான சோகம்.

"மாமாவுக்கு ஹார்ட்தான் வீக்கு சார். மெர்சி, ரொம்ப நன்றி, நீங்க இவ்ளோ தூரம் எடுத்துச் செய்றீங்க."

அவனும் இன்ஸ்பெக்டரும் பின் சீட்டில் ஏறினார்கள். அன்புசெல்வி இடது சீட்டில். வலது சீட் காலி. கதவு 'ப்ளக்' என்று மூடிக் கொண்டது. எஞ்சின் கிளம்பியது. விமானம் நின்ற இடத்திலேயே உதறியது.

விமல்ராஜ் நிதானமாகத்தான் இருந்தான். வெளியே பார்த்துக் கொண்டிருந்தான்.

அன்புசெல்வி கையை நீட்டினாள். நாபைப் பிடித்தாள். இழுத்தாள்!

"அது எதுக்கு?" அவன் குரல் உடனே வந்தது.

"டெஸ்ட்தான் சார். எல்லாத்தையும் போட்டுப் பாக்கணும்."

"அது வேணாம். உள்ள தள்ளுங்க."

"ஏன் தம்பி?" என்றார் கண்ணையன். "சூடான காத்துதானே?"

"சூடாத்தான் இருக்கு. மூச்சு முட்டுது. கதவத் தொறக்கச் சொல்லுங்க."

கண்ணையன் கைக்குட்டையை எடுத்துப் பொறுமையாகக் கழுத்தைத் துடைத்துக் கொண்டார். அன்புசெல்வி திரும்பவே இல்லை. அவள் முதுகும் வியர்த்துக் கொட்டியது. இவன் வாய் திறக்காவிட்டால் நாளைக்குக் கம்பிக்குப் பின்னால் நிற்பது அவள். விமல்ராஜ் கண்ணாடியைக் கையால் அடித்தான். சட்டையால் மூக்கை மூடிக் கொண்டான். பிறகு முன் சீட்டைத் தாண்டிக் கதவை எட்டப் பார்த்து எக்கினான்.

பாதியில் நின்று விட்டான்.

கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கண்கள் வலது சீட்டின் மேல்.

"அத்த..."

கண்ணையன் எட்டிப் பார்த்தார். தோல் சீட். அதன் மேல் வெயில். வேறு ஒன்றும் இல்லை.

"திரும்பாத அத்த." விமல்ராஜ் பின் சீட்டோடு ஒடுங்கினான். குழந்தை மாதிரி விசும்பினான். "நான் கொல்லல. உனக்குக் குளிர் ஆகாதுன்னு மாமாகிட்ட சொன்னேன். நாபை இழுத்து வைங்க மாமா, கதகதப்பா இருந்தா அத்தை தினமும் வரும்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். அவருதான் இழுத்தாரு. நீ வாழ்ந்த வீட்ட வித்து இந்தத் தகரத்துல போடுறேன்னாரு அத்த, நான் என்னா பண்றது? என்ன அப்படிப் பாக்காத..."

அன்புசெல்வி எஞ்சினை நிறுத்தினாள். கதவைத் திறந்தாள்.

அவன் வெளியே விழுந்தான். சுடுகிற சிமென்ட் தரையில் நாலு காலில் நின்று காற்றை விழுங்கினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், ஆக்சிஜன் வைக்கச் சொல்லுங்கள், விஷம் உள்ளே போய்விட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"எந்த விஷம்?" கண்ணையன் குனிந்து கேட்டார். "உங்க மாமா ஹார்ட் அட்டாக்ல செத்தாருன்னுதானே நாங்க சொன்னோம்?"

விமல்ராஜ் தலை நிமிர்ந்தது. நிறம் போன முகம்.

"ஹீட்டர் குழாயை நான் காலையிலேயே கழட்டி அடச்சிட்டேன்" என்றாள் அன்புசெல்வி. "நாபை இழுத்தா நாப்தான் வரும். காத்து வராது. சைலன்சரும் புதுசு. நீங்க சுவாசிச்சது எங்க மூணு பேர் மூச்சுக் காத்து."

கண்ணையன் பையிலிருந்து விஷப்புகையைக் காட்டும் மீட்டரை எடுத்து அவன் முன்னால் நீட்டினார். அது சைபரில் நின்றது. கூடவே செல்போனையும் காட்டினார். ரெக்கார்டிங் ஓடிக் கொண்டிருந்தது.

விமல்ராஜ் இரண்டையும் பார்க்கவில்லை. அவன் விமானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

"புகையே இல்லன்னா..." வலது சீட்டைக் கை காட்டினான். "அப்ப நான் பாத்தது?"

கான்ஸ்டபிள் வந்து அவனைத் தூக்கி ஜீப்புக்கு நடத்திக் கொண்டு போனார். போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கொண்டே போனான்.

அன்புசெல்வி இன்ஸ்பெக்டரிடம் ஒன்று சொன்னாள். தகர உறையைக் கழற்றிப் பார்க்காதது தன் தப்புதான், அதைத் தானே எழுதிக் கொடுத்து விடுவதாகச் சொன்னாள். லைசென்சைப் பிடுங்கினாலும் சரி, அந்தப் பெரியவருக்கு அவ்வளவாவது செய்ய வேண்டும் என்றாள். எழுதிக் கொடுங்கள், ஆனால் கொலைக் கேஸில் உங்கள் பெயர் இல்லை என்றார் கண்ணையன். அவள் அங்கேயே விமானச் சக்கரத்தின் மேல் கை வைத்துக் கொண்டு உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக் கொண்டு நின்றார்.

அழுது முடித்ததும் கேட்டாள்.

"சார்... அந்த விமல்ராஜ் நெஜமாவே ரஞ்சிதம்மாவப் பாத்திருப்பாரா?"

கண்ணையன் வலது சீட்டை ஒரு முறை பார்த்தார். மரியாதையாக அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்தினார்.

"பாத்திருக்கலாம்மா. இந்தக் கேஸுக்கு அவங்களை விட நல்ல சாட்சி கிடையாது. ஆனா லிஸ்ட்ல சேக்க முடியாதே... சம்மனை எடுத்துட்டு யாரு போறது?"