சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருபது லிட்டர்

"அஞ்சு லிட்டர் தண்ணி, நாப்பத்தாறு டிகிரி வெயில், இன்னையோட மூணாம் நாள். மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிக்கணும்ணே" என்று தன் அண்ணனிடம் சொன்னாள் நாகவள்ளி. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள் அவள். யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். ஆனால் காணாமல் போனவன் அவள் புருஷன் கோட்டைச்சாமி.

ஓமான் நாட்டின் தெற்கே, பாலைவன ஓரத்தில் இருந்த ஒரு கம்பெனியின் கேம்ப் அது. கமுதிப் பக்கத்திலிருந்து வந்த கோட்டைச்சாமி அங்கே பிக்கப் டிரைவர். பாலைவனத்துக்குள் இருக்கும் ஒட்டகப் பட்டிக்குத் தீவனமும் தண்ணீரும் கொண்டு போய் இறக்குவது அவன் வேலை. திங்கட்கிழமை போனவன் திரும்பவில்லை. செவ்வாய் முழுக்கப் போலீசும் கம்பெனி ஆட்களும் பட்டிக்குப் போகும் மண் ரோட்டை இரண்டு பக்கமும் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு டயர்த் தடம் கூடக் கிடைக்கவில்லை.

புதன்கிழமை விடியும்போது நாகவள்ளியின் அண்ணன் இருளாண்டி தன் பிக்கப்பைக் கிளப்பினான். கேம்ப்பின் மெக்கானிக் அவன். ஆறு டீசல் பிக்கப்புகளுக்கும் அவன்தான் வைத்தியன். சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவான் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள், அவனும் அதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வான். வழி காட்ட சைஃப் வந்தான். அந்த மணலிலேயே பிறந்து வளர்ந்த ஒட்டகக்காரன், பேச்சு குறைவு. கிளம்புமுன் போலீசுக்கு விவரம் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஹெலிகாப்டர் கேட்டிருப்பதாகவும், அது வர மத்தியானம் ஆகும் என்றும் சொன்னார்கள்.

இருளாண்டி மண் ரோட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. தார் ரோட்டில் அறுபது கிலோமீட்டர் ஓட்டி, யாரும் போகாத குறுக்குத் தடத்தின் வாயில் கொண்டுபோய் நிறுத்தினான். கோட்டைச்சாமி இந்த வழியாகத்தான் வந்திருப்பான் என்றான். எப்படித் தெரியும் என்று சைஃப் கேட்டான். டீசல் கணக்கு என்று மட்டும் சொன்னான் இருளாண்டி.

அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவன் விழுங்கியிருந்தான்.

திங்கட்கிழமை மத்தியானம், சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான பட்டிப் பக்கத்து மேட்டில் ஏறி நின்று கோட்டைச்சாமி அவனுக்குப் போன் செய்திருந்தான். டீசல் மீட்டரின் முள் கால் டேங்க்கில் நிற்கிறது, கேம்ப் வரைக்கும் வந்து சேருமா என்று கேட்டான். ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கையெல்லாம் கிரீசாக இருந்த இருளாண்டி வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் பதில் சொன்னான். அறுபத்தைந்து லிட்டர் டேங்க்கில் கால் என்றால் பதினாறு லிட்டர், நூற்றுப்பத்து கிலோமீட்டர் ஓடும், அதற்கு மேல் ஓடாது. முள் சிவப்பைத் தொட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். டீசல் வண்டியைக் காய விட்டால் பைப்பில் ஏர் புகுந்துகொள்ளும், அப்புறம் டீசல் ஊற்றினாலும் சாமானியத்தில் கிளம்பாது. இது அவன் எல்லா டிரைவருக்கும் அடித்து அடித்துச் சொல்லிவைத்திருந்த பாடம்.

மண் ரோடு நூற்று நாற்பது கிலோமீட்டர். குறுக்குத் தடமோ தார் ரோடு வரைக்கும் நூறுதான், அங்கே போய்விட்டால் வருகிற வண்டியில் டீசல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நூற்றுப்பத்துதான் ஓடும் என்று கேட்டவன் எந்த வழியைப் பிடிப்பான்? அதற்குப் பெரிய மூளை வேண்டாம்.

எந்த வண்டி என்று இருளாண்டி கேட்கவில்லை. கோட்டைச்சாமியின் வழக்கமான வண்டி கிளட்ச் போய் நின்றதால், அன்றைக்கு அவன் நான்காம் நம்பரை எடுத்துப் போயிருந்தான். அந்த நான்காம் நம்பர் வண்டியின் டேங்க் ஏழு மாதத்துக்கு முன்னால் பாறையில் அடிபட்டுக் கிழிந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு மாடலின் பெரிய டேங்க்கைக் கொண்டுவந்து மாட்டியவன் இருளாண்டியேதான். புது டேங்க்கோடு வந்த, டீசலில் மிதந்து முள்ளை நகர்த்தும் மிதவையின் ஒயர் இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. பழைய மிதவையையே போட்டுவிட்டான். டேங்க் நாலு விரல் ஆழம் கூடுதல், மிதவையின் கை குட்டை. அது அடி வரைக்கும் இறங்காது. முள் சிவப்பில் படுத்துவிடும், அடியில் இருபது லிட்டர் டீசல் கிடக்கும். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவருக்கு இது தெரியும். அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். கோட்டைச்சாமிக்குத் தெரியாது.

போனது நான்காம் நம்பர் என்று திங்கள் ராத்திரியே இருளாண்டிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் செவ்வாய்க்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. மண் ரோட்டிலேயே எங்காவது டயர் வெடித்து நின்றிருப்பான், இவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், என் தப்பு வெளியே வராமலே போய்விடும் என்று நினைத்தான். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அந்த ஒரு பகலுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று.

குறுக்குத் தடம் என்பது பேருக்குத்தான். காற்று அதை மூடி மாதக்கணக்காகியிருந்தது. டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். முதல் மேட்டில் வண்டி சிரமமில்லாமல் ஏறியது. இரண்டாவதில் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் புதைந்தன. மூன்று பேரும் கையால் மணலை வாரினார்கள், பலகையைக் கொடுத்தார்கள், வண்டி முக்கி முக்கி வெளியே வந்தது. அடுத்து உப்புப் படிந்த சமவெளி. மேலே கெட்டித் தரை போலத் தெரிந்தது, உள்ளே சேறு. சைஃப் இறங்கி முன்னால் நடந்து, காலால் தட்டித் தட்டிப் பார்த்துக் கையைக் காட்ட, அவன் மிதித்த இடத்திலேயே இருளாண்டி வண்டியை விட்டான். ஒரு இடத்தில் உப்புப் பொருக்கு உடைந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நாகவள்ளி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மேடு ஏறும்போது டீசல் முள் முக்காலுக்கு மேலே போனது. இறங்கும்போது பாதிக்கு வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏன் இப்படி ஆடுகிறது என்று கேட்டாள். டேங்க்குக்குள் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கினால் மிதவையும் கூடவே போகும் என்று விளக்கினான் இருளாண்டி. சமதரையில் கூட அது சரியாகக் காட்டாது. மேல் பாதி மெதுவாக இறங்கும், கீழ்ப் பாதி மளமளவென்று இறங்கும். நூறு கிலோமீட்டர் ஓடியும் முள் அசையவில்லையே என்று சந்தோஷப்படுகிறவன்தான் கடைசியில் நடுரோட்டில் நிற்பான்.

"அப்ப எதைத்தாண்ணே நம்புறது?"

கம்பி விட்டு அளந்து பார்க்கிறதைத்தான் என்றான்.

மனசுக்குள் அவன் இரண்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தான். இளமணலில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. சொன்ன பேச்சைக் கேட்டுச் சிவப்பில் நிறுத்தியிருந்தால், பட்டியிலிருந்து எழுபத்தைந்தாவது கிலோமீட்டரில் வண்டி நிற்கும். பேச்சைக் கேட்காமல் ஓட்டியிருந்தால் தார் ரோட்டுக்கே வந்து சேர்ந்திருப்பான். வரவில்லை. எங்காவது புதைந்து நின்றிருக்க வேண்டும், அல்லது பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை, இந்த ஒரு தடவையாவது என் பேச்சைக் கேட்காமல் இருந்திருடா என்று வழி நெடுக வேண்டிக்கொண்டே வந்தான். கோட்டைச்சாமி அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். டயரில் இத்தனை காற்று என்று சொன்னால் அரைப் புள்ளி கூட மாற்றிப் பிடிக்காத மனிதன் அவன்.

பத்து மணிக்கு ஒரு மணல் மேட்டின் உச்சியில் ஏறியபோது சைஃப் கையை நீட்டினான். கீழே, கெட்டித் தரையில், வெள்ளை பிக்கப்!

பட்டியிலிருந்து சரியாக எழுபத்தைந்தாவது கிலோமீட்டர். கணக்கு அப்படியே பலித்திருந்தது. பலித்ததற்காக இருளாண்டி தன்னையே சபித்துக்கொண்டான்.

வண்டி புதையவில்லை, கவிழவில்லை, டயர் வெடிக்கவில்லை. ஷெட்டில் நிறுத்தியது போல ஒழுங்காக நின்றது. ஏரியல் கம்பியில் கோட்டைச்சாமியின் நீலச் சட்டை பறந்துகொண்டிருந்தது. வண்டி நிற்குமுன் நாகவள்ளி குதித்து ஓடினாள். உள்ளே ஆள் இல்லை. ஸ்டீயரிங்கில் ஒரு தீவன மூட்டையின் அட்டை செருகியிருந்தது. கொட்டை கொட்டையான எழுத்து. அவள் சத்தமாகவே படித்தாள்.

"திங்கள் சாயங்காலம் முள்ளு சிவப்பத் தொட்டுருச்சு. மச்சான் சொன்னபடி உடனே நிறுத்திட்டேன். ஏர் பிடிக்கலை. டீசல் ஊத்துனா சாவி போட்டதும் கிளம்பும். செவ்வாக்கிழமை பூரா பாத்துட்டேன், யாரும் வரலை. தண்ணி முடியப்போகுது. வெயில் தாழ்ந்ததும் வடக்க ரோட்டுப் பக்கம் நடக்கேன்."

சாவி வண்டியிலேயே இருந்தது. இருளாண்டி ஓடி வந்து கையை நீட்டுவதற்குள் அவள் உட்கார்ந்து அதைத் திருப்பிவிட்டாள். சும்மா, மனசு கேட்காமல்தான் திருப்பினாள்.

என்ஜின் ஒரே திருப்பில் கிளம்பியது.

முள் சிவப்பில் படுத்துக் கிடந்தது. விளக்கு எரிந்தது. என்ஜின் மட்டும் ஒரு விக்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாகவள்ளி முள்ளைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் வண்டல் டீசல் கிடந்திருக்கும் தாயி, சில சமயம் அப்படி ஆகும் என்று இருளாண்டி முணுமுணுத்தான். அதைச் சொன்ன நிமிஷத்திலேயே தன் மேல் அவனுக்கு அருவருப்பு வந்தது. அவள் என்ஜினை அணைத்தாள். சைஃப் அதற்குள் காலடித் தடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். சீக்கிரம் என்று கூப்பிட்டான்.

வண்டியில் ஏறித் தடத்தை ஒட்டியே போனார்கள். தடம் முதலில் நேராகப் போனது. நாலு கிலோமீட்டருக்குப் பிறகு வளைந்தது. அப்புறம் செருப்பு ஒன்று கிடந்தது. அதற்கு அப்புறம் காலித் தண்ணீர் கேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு ஒற்றை மரம் நின்றது. அதன் அரைகுறை நிழலில் கோட்டைச்சாமி ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

நாகவள்ளி மண்டியிட்டாள். கழுத்தில் விரல் வைத்தாள், மணிக்கட்டில் வைத்தாள், கண்ணைத் திறந்து பார்த்தாள். எத்தனையோ பேருக்குச் செய்த வேலை. மறுபடியும் கழுத்தில் வைத்தாள். கொண்டுவந்திருந்த குளுக்கோஸ் பாட்டிலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவன் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, "விடியுற வரைக்கும் உசுரு இருந்திருக்கு" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்க முடியாமல் சைஃப் தள்ளிப் போய்த் திரும்பி நின்றான்.

இருளாண்டி மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். போன் வந்ததை, வண்டி நம்பரைக் கேட்காததை, குட்டை மிதவையை, அடியில் கிடந்த இருபது லிட்டரை. அதை வைத்து இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கலாம், ரோடு இருபத்தைந்து கிலோமீட்டரில் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னான்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமை ராத்திரி."

"அப்ப நேத்து?"

 

ஹெலிகாப்டர் வரட்டும் என்று சைஃப் சொல்லிப் பார்த்தான். இதற்கு மேல் அவரை இந்த மணலில் விட மாட்டேன், அவர் ஓட்டி வந்த வண்டியிலேயே கொண்டு போகிறேன் என்று நாகவள்ளி சொல்லிவிட்டாள். சைஃப் இருளாண்டியின் வண்டியில் அவளைக் கொண்டுபோய் விட, நான்காம் நம்பர் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். லைசென்ஸ் எடுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே கோட்டைச்சாமிதான். மூன்று பேருமாக அவனைப் பின்னால் ஏற்றி, போர்வை போர்த்தி, காலித் தீவனச் சாக்குகளைச் சுருட்டி இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்தார்கள். சைஃப் அவளோடு ஏறிக்கொண்டான். இருளாண்டி தன் வண்டியில் தனியாகப் பின்தொடர்ந்தான்.

உப்புச் சமவெளியை, மணல் மேடுகளைத் தாண்டி, தார் ரோட்டில் ஏறி, அறுபது கிலோமீட்டரையும் ஓடி, முள் சிவப்பை விட்டு அசையாத அந்த வண்டி ஒரு இடத்தில் கூட நிற்காமல் கேம்ப் வந்து சேர்ந்தது. தேடிப் போனவர்கள் தேடினவனோடு திரும்பிவிட்டார்கள் என்று ஆட்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் இருளாண்டியின் தோளைத் தட்டி, நீ மட்டும் கணக்குப் போட்டிருக்காவிட்டால் ஆளே கிடைத்திருக்க மாட்டான் என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு அவனுக்குச் சூடு வைத்தது போல இருந்தது.

சாயங்காலம் அவன் ஷெட்டுக்குப் போய் மற்ற ஐந்து வண்டிகளின் மிதவையையும் கழற்றினான். ஒவ்வொரு டேங்க்கிலும் கம்பி விட்டு அளந்து, முள் எங்கே நின்றால் உண்மையில் எத்தனை லிட்டர் என்று அந்தந்த வண்டியின் முள்ளுக்குக் கீழேயே பெயின்ட்டால் எழுதினான். இரண்டாம் நம்பர் வண்டி நேர் எதிர். முள் கால் டேங்க் என்று காட்டியது, கம்பியின் நுனி கூட நனையவில்லை. மறுநாள் காலை பட்டிக்குப் போக இருந்தது அந்த வண்டிதான். அதை ஓட்ட இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினான். ஒரு நாள் மிதவையைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும், ஏழு மாதத்தில் ஒரே ஒரு நாள் என்று அவரிடம் சொன்னான்.

நாகவள்ளி ஷெட்டுக்குள் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கையில் போன்.

"அத்தை லைன்ல இருக்காங்க. நீதான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டேன். மீதியை நீ சொல்லு."

போனை அவன் கையில் வைத்துவிட்டு அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள். மறுமுனையில் கோட்டைச்சாமியின் அம்மா, அவன் பேசுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். "நீ நல்லா இருக்கணும்யா இருளாண்டி. நீ இல்லைன்னா எம் புள்ளை முகத்தைக்கூட நான் பாத்திருக்க மாட்டேனே. உனக்கு எப்படிய்யா நன்றி சொல்லுவேன்?"

இருளாண்டி தங்கையைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அத்தை, நன்றியெல்லாம் சொல்லாதீங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்று அவன் ஆரம்பித்தான்.